அமானிதமாய்க் காத்த குரல்

மேடையில் பாடி நடித்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இத்தகைய இதழொன்றில் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இசையைப் பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்து வைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அரபு மொழியைக் கற்றும் கற்பித்தும் வந்தவன் என்ற முறையில் என் கவனத்தைக் கவர்ந்தது வேறொரு செய்தி. அரபுலகம் முழுவதும் ஃபைரூஸ் என்று அறியும் அந்த அம்மையார் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய நாவைத் திருத்தியதோ, திருக்குர்ஆன் ஓதுவதற்குரிய தஜ்வீத் கலை.

அவருடைய இயற்பெயர் நுஹாத் ஹத்தாத். 1930களின் நடுப்பகுதியில் லெபனானில் பிறந்து, பெய்ரூத் நகரின் ஸுகாக் அல்பலாத் பகுதியில் வளர்ந்தார். தந்தை அச்சகமொன்றில் எழுத்துக் கோப்பவர். எளிய குடும்பம். வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாமையால், அண்டை வீட்டு வானொலியிலிருந்து மிதந்து வந்த பாடல்களைக் கேட்டே அச்சிறுமி பாடப் பழகினாள் என்பர்.

1940களின் பிற்பகுதியில் பள்ளி மாணவியரிடையே நல்ல குரல்களைத் தேடி வந்தார் முஹம்மது ஃபுலைஃபில் என்னும் இசை ஆசிரியர். சிரியாவின் தேசிய கீதத்துக்கும், ஃபலஸ்தீனக் கவிஞர் இப்ராஹீம் தூக்கான் எழுதிய ‘மவ்தினீ’ என்னும் கவிதைக்கும் இசையமைத்த பெருமை அவருக்குண்டு. அந்த ‘மவ்தினீ’யே 2004இல் இராக்கின் தேசிய கீதமாயிற்று. நுஹாதின் குரலைக் கேட்ட ஃபுலைஃபில், அவளைப் பெய்ரூத் இசைக் கல்லூரியில் சேர்க்க விரும்பினார். தந்தையோ பழைமையில் ஊன்றியவர். மகள் பலர் முன்னிலையில் பாடுவதை அவர் உள்ளம் ஏற்கவில்லை. நாட்டுப்பற்றுப் பாடல்களையே பாடுவாள் என்ற உறுதியைப் பெற்று, உடன்பிறந்தானைத் துணைக்கு அனுப்பிய பின்னரே இசைந்தார். நம் வீடுகளிலும் ஒரு தகப்பனார் இப்படித்தானே தயங்குவார்!

கல்லூரியில் ஃபுலைஃபில் செய்த செயல்தான் எண்ணத்தக்கது. திருக்குர்ஆன் வசனங்களைத் தஜ்வீத் முறைப்படி ஓத அந்தக் கிறிஸ்தவச் சிறுமிக்கு அவர் பயிற்சியளித்தார். ஓர் எழுத்து தொண்டையின் எப்பகுதியில் பிறக்கிறது, நாவின் எந்த விளிம்பைத் தொடுகிறது, எவ்வளவு நீட்டவேண்டும், எங்கே மூச்சை நிறுத்தவேண்டும் என்பனவற்றை நம் மக்தபுகளில் பிள்ளைகள் பயில்கின்றனர் அல்லவா? ஐனுக்கும் ஹம்ஸாவுக்கும், ஸாதுக்கும் ஸீனுக்கும் உள்ள வேறுபாட்டை அதே முறையில் அவளும் பயின்றாள். எகிப்தின் உம்மு குல்தூம் அம்மையாரும் திருக்குர்ஆன் ஓதியே குரலைப் பண்படுத்திக்கொண்டவர்; ஆனால் அவர் ஓர் இமாமின் மகள். நுஹாதோ மாற்றுச் சமயத்தவள். அவளுக்கு அதனைக் கற்பிக்க ஆசிரியரும் தயங்கவில்லை. கற்க அவளும் கூசவில்லை.

பின்னர் லெபனான் வானொலியின் பாடகர் குழுவில் சேர்ந்தபோது, அங்கு இசைப் பிரிவை நடத்திய ஹலீம் அர்ரூமி அவருக்கு ஃபைரூஸ் என்று பெயரிட்டார். நீலப்பச்சை நிறமுடைய மணிக்கல்லைக் குறிக்கும் பாரசீக வழிச் சொல் அது. நம்மவர் பிள்ளைகளுக்குச் சூட்டும் ஃபைரோஸ் என்ற பெயரும் அதுவே. வானொலி நிலையத்தில்தான் ஆஸி ரஹ்பானி, மன்ஸூர் ரஹ்பானி என்னும் சகோதரர்களை அவர் சந்தித்தார். பாட்டெழுதி, மெட்டமைத்து, நாடகமும் படைத்த இரட்டையர் அவர்கள். 1950களின் நடுவில் ஆஸியை அவர் மணந்தார்.

எகிப்தியப் பாடல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீண்ட காலம் அது. ரஹ்பானி சகோதரர்களோ சில நிமிடங்களில் முடியும் சிறு பாடல்களில் லெபனான் மலைச் சிற்றூர்களின் வாழ்வை வடித்தனர். 1957இல் பஅல்பக் நகரில், உரோமர் எழுப்பிய பெருந்தூண்களின் அடியில் ஃபைரூஸ் பாடினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இசை நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையேறின. ‘அல்இஸ்வாரா’ முதலிய தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலும், மூன்று திரைப்படங்களிலும் அவர் நடித்தார்.

அந்நாடகங்களில் அவர் ஏற்ற பாத்திரங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் ஒற்றுமை புலப்படும். ‘ஹாலாவும் மன்னனும்’ (1967) நாடகத்தில் முகமூடி விற்க வந்த ஏழைப் பெண்ணை இளவரசி என்று ஊரே கொண்டாடுகிறது. அவளோ பொய்யால் வரும் அரியணை வேண்டாமென மறுக்கிறாள். ‘ஜிபாலுஸ் ஸவ்வான்’ (1969) நாடகத்தில் தந்தை உயிர்நீத்த வாயிலிலேயே கொடுங்கோலனை எதிர்த்து மகளும் மடிகிறாள். 1977இல் அம்மானில் மேடையேறிய ‘பெட்ரா’வில் அரசியின் மகளைப் பகைவர் கவர்ந்து செல்கின்றனர், மகளை இழக்க நேர்ந்தும் நாட்டை விட்டுக்கொடுக்க அரசி இசையவில்லை.

மேடையில் காட்டிய அவ்வுறுதி வாழ்விலும் இருந்தது. 1967இல் பைத்துல் முகத்தஸ் பறிபோனபோது, அந்நகரை விளித்து அவர் பாடிய ‘ஸஹ்ரத்துல் மதாயின்’ அரபு மக்களின் துயரத்துக்குக் குரலாயிற்று. இஸ்ரா இரவும், மர்யம் அன்னையின் கண்ணீரும் அப்பாடலில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. 1969இல் அல்ஜீரிய அதிபர் பூமதீனுக்கென ஏற்பாடான தனி நிகழ்ச்சியில் பாட மறுத்தமைக்காக, அவருடைய பாடல்கள் லெபனான் வானொலியில் சில காலம் தடை செய்யப்பட்டன. மக்களுக்காகப் பாடலாம், ஆள்வோர் ஒருவரை மகிழ்விக்கப் பாடலாகாது என்பது அவர் கொள்கை.

பெருஞ்சோதனை 1975இல் வந்தது. உள்நாட்டுப் போர் மூண்டு, பெய்ரூத் கிழக்கென்றும் மேற்கென்றும் பிளவுண்டது. பெயரைக் கேட்டு, சமயத்தை அறிந்து, மனிதரை மனிதர் கொன்ற கொடுமை 1990 வரை நீடித்தது. பலர் நாட்டை விட்டு வெளியேறினர், ஃபைரூஸ் வெளியேறவில்லை. எந்த அணியின் மேடையிலும் அவர் நிற்கவில்லை. 1978இல் ‘பெட்ரா’ நாடகம் நகரின் இரு பகுதிகளிலும் நடிக்கப்பட்டது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டவர்களும் காலையில் கேட்டது ஒரே குரலைத்தான். 1994இல் நகரின் நடுவிலுள்ள தியாகிகள் சதுக்கத்தில் அவர் பாடியபோது, இரு கரைகளின் மக்களும் ஒரே திடலில் கூடினர்.

குறை கூறுவோரும் இருந்தனர். 2008இல் டமாஸ்கஸில் அவர் நாடகம் நடித்தபோது, சிரிய அரசை வெறுத்த லெபனான் அரசியலார் கண்டித்தனர். அவர் வாதம் செய்யவில்லை. தம்மைப் பற்றிப் பேசாதிருப்பதே அவர் இயல்பு.

துயரங்களும் குறைவின்றி வந்தன. 1972இல் ஆஸி மூளையில் இரத்தக் கசிவுற்றார். அப்போது பதினேழு வயதான மகன் ஸியாத் மெட்டமைத்த பாடலை, கணவர் அருகில்லாத தனிமையைச் சொல்லி, ‘அல்மஹத்தா’ (1973) நாடகத்தில் அவர் பாடினார். 1970களின் முடிவில் கணவரைப் பிரிந்தார். 1986இல் ஆஸியும், 1988இல் மகள் லயாலும் மறைந்தனர். 2025 ஜூலையில் ஸியாதும் காலமானபோது, தொண்ணூறை எட்டிய அந்தத் தாய் மகனின் சவப்பெட்டியருகே அமைதியாக அமர்ந்திருந்த காட்சி அரபுலகைக் கலங்க வைத்தது.

ஆசிரியரொருவர் தம் வேதத்தின் ஒலியொழுங்கைப் பிற சமயச் சிறுமியிடம் ஒப்படைத்தார். அவள் அதனை அமானிதமாக ஏற்றாள். அரபு மொழி ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று என்பதை, சமயத்தின் பெயரால் பிளவுண்ட நகரில் வாழ்ந்து மெய்ப்பித்தாள். பிள்ளைகளுக்கு ஐனையும் ழகரத்தையும் திருத்தமாகச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தை வீண் என்று கருதும் பெற்றோர் இன்று பெருகி வருகின்றனர். பெய்ரூத்தின் அந்த வகுப்பறையை அவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. அங்குத் திருத்தப்பட்ட எழுத்துகள், போர் பிளந்த ஒரு நகரத்தின் இரு கரைகளிலும் ஒன்றுபோல் ஒலித்தன.