உப்பம்பாரத்தின் எடை

கழுவெளிக்கு அணித்தாக, கடற்காற்றும் வெயிலும் தடையின்றி உலவும் மரக்காணத்து அளங்களில், உப்பை விளைவிக்கும் வித்தை எவ்வளவு புராதனமானதோ, விளைந்த உப்பு இவ்வளவு என்று நிர்ணயிக்கும் வித்தையும் அவ்வளவு புராதனமானது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலரின் கருத்து. பூமீசுவரர் ஆலயத்துச் சோழர் காலச் சாசனங்களிலும் உப்பளங்களைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆயினும் அந்த நெடுங்காலம் முழுவதும் உப்பு பெரும்பாலும் தராசு ஏறவில்லை, முகந்தே அளக்கப்பட்டது. உப்பு வணிகரான உமணர்கள் உப்புக்கு நெல்லைச் சம அளவில் மாற்றியதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். ஒரு மரக்கால் உப்பு ஒரு மரக்கால் நெல்லைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு கனக்கும். சுமந்து வந்த எருதுகளுக்குத் தெரிந்த அந்தப் பேதம் பேரத்தில் கணக்கிடப்படவில்லை.

உப்பின் எடை அவ்வளவு எளிதில் பிடிபடாது என்பதற்குக் காரணம் அதன் சுபாவத்திலேயே இருக்கிறது. பாத்தியில் உப்புநீர், அடர்த்தி காட்டும் பாமே மானியில் 25 டிகிரியை எட்டும்போது மணி கட்டத் தொடங்கும். பலகையால் வாரி வரப்பில் ஒதுக்கிய புதிய உப்பைக் கையில் அள்ளினால், மணிகளின் இடுக்கில் தங்கிய கசப்புநீர் விரல்களின் வழியே ஒழுகும். அந்த நீரில் உள்ள மக்னீசியக் குளோரைடு, காற்றில் ஈரம் மிகக் குறைவாக உள்ள வேளையிலும் அதனைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். ஆகவே வாரிய அன்று ஒரு எடை, நீர் வடிந்தபின் வேறொரு எடை, ஐப்பசி மழையில் மேற்பரப்பு கரைந்தபின் மற்றோர் எடை என ஒரே குவியல் பல எடைகளைக் காட்டும். ஓலை வேய்ந்து அம்பாரத்தை மூடுவது மழைக்கு மட்டுமன்று, இந்தக் கணக்குக்கும் காவலாகும்.

அம்பாரத்தை நிறுக்காமலே எடை காண்பது ஷேத்திர கணிதம். கூரை வடிவில் நீளவாட்டாகக் குவித்த உப்பு 20 மீட்டர் நீளமும், அடியில் 4 மீட்டர் அகலமும், ஒன்றரை மீட்டர் உயரமும் உடையதானால், அகலத்தில் பாதியை உயரத்தாலும் பின் நீளத்தாலும் பெருக்க 60 கன மீட்டர் வரும். கெட்டியான உப்புப் பளிங்கு கன மீட்டருக்கு 2.16 டன் கனக்கும். குவியலிலோ ஏறக்குறையப் பாதி இடம் காற்றுக்கே. மணியின் பருமனையும் ஈரத்தையும் பொறுத்துக் கன மீட்டருக்கு 0.95 டன் என்று ஒருவரும் 1.15 டன் என்று மற்றொருவரும் கொண்டால், ஒரே அம்பாரம் 57 டன்னாகவும் 69 டன்னாகவும் ஆகிவிடுகிறது. நாடாவைப் பிடித்த கை எவ்வளவு நேர்மையானதாயினும், அடர்த்தியாக எடுத்துக்கொள்ளும் அந்த ஓர் எண்ணில்தான் லாபமும் நஷ்டமும் ஒளிந்திருக்கின்றன.

1805-ஆம் ஆண்டில் கும்பினியார் சென்னை ராஜதானியின் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டபோது இந்த விஷயம் அரசாங்க விஷயமாயிற்று. 400 மரக்கால் கொண்ட பழைய முகத்தலளவான கரிசை, உப்புக்கணக்கில் 120 மணங்கு எடையென்று ஆயிற்று; மணங்கு ஒன்று 40 சேர், இன்றைய கணக்கில் சுமார் 37.3 கிலோகிராம், ஆகவே கரிசை நாலரை டன்னுக்குச் சற்றுக் குறைவு. அளத்தில் பாடுபட்டவன் சர்க்காருக்கு ஒப்படைத்த உப்புக்குக் குடிவாரம் என்ற கூலி பெற்றான். ஈரத்தோடு நிறுத்தால் அவனுக்கு நயம், காயவிட்டு நிறுத்தால் சர்க்காருக்கு நயம். நிறுக்கும் நாளைக் குறிக்கும் அதிகாரமோ சர்க்காரிடமே இருந்தது. உப்பு வரியின் கொடுமையைப் பேசுவோர் விலையை மட்டுமே பேசுகிறார்கள்; அதிகாரத்தின் வேர் இப்படி நாள் குறிப்பதிலும் இருந்தது என்பது என் துணிபு.

1888 முதல் 1903 வரை வரி மணங்குக்கு இரண்டரை ரூபாய். அதாவது கரிசைக்கு 300 ரூபாய். பக்கிங்காம் கால்வாயில் மரக்காணத்து உப்பேற்றிச் சென்னைக்குச் சென்ற படகுகளில் சரக்கைவிட வரியின் மதிப்பே பெரிதாயிருந்தது. இவ்வளவு வரி சுமந்த பண்டத்தில் ஒரு சேர் குறைந்தாலும், கரைந்தது எவ்வளவு, களவு போனது எவ்வளவு என்ற கேள்வி எழாமலிராது; காற்றின் ஈரம் செய்த வேலைக்குச் சாட்சி சொல்ல எவரும் இலர். 1930-இல் உப்புச் சட்டத்தை மீறி ராஜாஜி வேதாரணியத்தில் உப்பை அள்ளினார். அங்கே எடை முக்கியமன்று. வரி 1947 ஏப்ரலில் ஒழிந்தது. 1958 முதல் மெட்ரிக் நிறைகள் புழக்கத்துக்கு வந்து, மணங்கும் சேரும் படிப்படியாக மறைந்தன.

இன்று லாரி எடைமேடையில் ஏறுகிறது. மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் உப்பின் எடை என்று சீட்டு அச்சாகிறது. அந்த எண்ணிலும் நீர் உண்டு. உணவு உப்பில் எடைக்கு 6 சதவீதம் வரை ஈரம் இருக்கலாமென்று சட்டமே இடம் தருவதால், 10 டன் உப்பென்று வாங்குவதில் 600 கிலோ வரை தண்ணீராக இருக்கக்கூடும்.