டென்வர் அறிவியல், பண்பாட்டு வரி மாவட்டம்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வர் நகரையும் அதைச் சூழ்ந்த கவுன்டிகளையும் உள்ளடக்கிய சிறப்பு வரி மாவட்டம். 1988-இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். அடுத்த ஆண்டு வசூல் தொடங்கியது. வரி 0.1 விழுக்காடு. பத்து டாலருக்குச் சட்டை வாங்கினால் ஒரு சென்ட் கலைக்குப் போகும். ரசீதில் கண்ணுக்கே படாத அந்தக் காசு, ஏழு கவுன்டிகளில் சேர்ந்து ஆண்டுக்குப் பல கோடி டாலராகிறது.

1980-களின் தொடக்கத்தில் மாநில அரசு நிதியைக் குறைத்ததால் டென்வரின் பெரிய அருங்காட்சியகங்கள் தத்தளித்தன. அந்த நெருக்கடியில் பிறந்ததே இத்திட்டம்.

நிதி மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. கலை அருங்காட்சியகம், இயற்கை அறிவியல் அருங்காட்சியகம், விலங்குக் காட்சியகம், தாவரவியல் பூங்கா, நிகழ்த்துகலை மையம் ஆகிய ஐந்தும் முதல் அடுக்கு. பாதிக்கு மேல் இவற்றுக்கே. இரண்டாம் அடுக்கில் வட்டார அளவிலான அமைப்புகள். மூன்றாம் அடுக்கே இத்திட்டத்தின் உயிர்நாடி: சிற்றூர்ப் பாடகர் குழு, நாடகக் குழு, உள்ளூர் வரலாற்றுச் சங்கம் போன்ற சிறிய அமைப்புகள் இதில் விண்ணப்பிக்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதை அந்தந்தக் கவுன்டியின் பண்பாட்டுக் குழு தீர்மானிக்கிறது. பெரியவற்றுக்கே அதிகம் போகிறது என்ற சிறிய அமைப்புகளின் குறை நியாயமானது.

வரி நிரந்தரமல்ல, காலக்கெடு முடியும்போது மக்களிடம் மீண்டும் கேட்க வேண்டும். 1994, 2004, 2016 மூன்று முறையும் மக்கள் நீட்டித்தனர்.