சாவித்திரி என்ற கையொப்பம்: ஆண் எழுதிய பெண்குரலின் தடம், 1892–1970

1892இல் சி.வி. சுவாமிநாதையரின் 'விவேக சிந்தாமணி'யில் ஒரு தொடர்கதை தொடங்கியது. பிராமணப் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அந்தத் தொடரை எழுதியவர் பெயர் 'சாவித்திரி'. சில இதழ்களுக்குள் தொடர் நின்றுபோயிற்று. 1903இல் அதே கதை 'முத்துமீனாட்சி' என்று நூலாயிற்று. சாவித்திரி என்று கையொப்பமிட்டவர் அ. மாதவையா. தொடர் வந்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டியிருக்கும்.

பிற்காலத்தில் மயிலாப்பூரில் குடியமர்ந்து, ஆசிரியர் அச்சுக்கூடம் வைத்து, 'பஞ்சாமிர்தம்' இதழை நடத்திய மாதவையாவைப் பலர் அறிவார்கள். 1892இன் இளைஞரைப் பற்றி இலக்கிய வரலாறுகள் ஒரு வரிக்கு மேல் சொல்வதில்லை. 'முதல் ஐந்து தமிழ் நாவல்கள்' எழுதிய க.நா.சு.வும் மாதவையாவின் நாவல்களில் எடுத்துக்கொண்டது 'பத்மாவதி சரித்திர'த்தைத்தான்.

பெண் பாத்திரங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க முடியாத நூல், அம்பை என்று நாம் அறிந்த சி.எஸ். லக்ஷ்மி 1984இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'தி ஃபேஸ் பிஹைண்ட் த மாஸ்க்'. 'தமிழ்ப் பெண்' என்ற அச்சு எப்படி வார்க்கப்பட்டது, எழுத வந்த பெண்களும் அந்த அச்சுக்குள் தங்களை எப்படிப் பொருத்திக்கொண்டார்கள் என்பதை அது காட்டியது. பத்திரிகைத் தொடர்களை இலக்கிய வரலாறு ஏறெடுத்துப் பார்க்காத காலத்தில் அம்பை அவற்றை ஆவணமாகக் கொண்டார். இந்தக் கட்டுரையும் அவர் போட்ட பாதையில்தான் நடக்கிறது.

மாறுபாடு அந்த உருவகத்தோடு. முகமூடி என்றால் பின்னால் ஒரு முகம் இருக்க வேண்டும். முகமூடியின் வேலை அதை மறைப்பது. பெண் எழுத்தாளர்களை வைத்துச் சொன்ன இதை, ஆண்கள் படைத்த பெண்களுக்கும் அப்படியே நீட்டினால் என்ன ஆகும்? பாத்திரம் பெண், பின்னால் இருப்பவன் ஆண், ஆகவே அவள் பேசுவதெல்லாம் அவன் பேச்சு. கணக்கு அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு 'பத்மாவதி சரித்திர'த்துக்கும் 'முத்துமீனாட்சி'க்கும் வேறுபாடு இல்லை. இரண்டையும் எழுதியது ஒரே கை. ஆனால் பின்னதில் மட்டும் பெண் 'நான்' என்கிறாள். அந்த 'நான்' எதற்கு வந்தது என்று கேட்க முகமூடி உருவகம் இடம் தருவதில்லை.

கேட்டுப் பார்க்கலாம். மாதவையா கிறித்தவக் கல்லூரி மாணவர். டீஃபோவின் 'மால் ஃபிளாண்டர்ஸ்' (1722) போல, ஆண் எழுதிப் பெண்ணின் தன்வரலாறாக நின்ற ஆங்கில நாவல்கள் அவருக்கு எட்டாதவை அல்ல. ஆனால் முன்மாதிரி அதைவிடப் பக்கத்தில், நாளிதழிலேயே இருந்தது. 1885இல் பம்பாயில் ருக்மாபாய், 'ஓர் இந்துப் பெண்' என்ற கையொப்பத்தோடு குழந்தை மணத்தையும் விதவை நிலையையும் பற்றி 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வுக்குக் கடிதங்கள் எழுதினார். சிறுவயதில் மணம்செய்து வைக்கப்பட்ட கணவனோடு வாழ மறுத்த அவர் வழக்கு நாட்டையே உலுக்கியது. 1889இல் 'இந்து' ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர், விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார். 1891இல் சம்மத வயதை 10இலிருந்து 12ஆக உயர்த்திய சட்டம் வந்தது. மறு ஆண்டு 'சாவித்திரி' வருகிறாள்.

'சாவித்திரி' வெறும் புனைபெயராக வைக்கப்படவில்லை, கடிதக் கையொப்பத்தின் இடத்தில் வைக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் துணிபு. கதையின் தலைப்பிலும் சாவித்திரி, எழுதியவர் பெயரும் சாவித்திரி. கதைசொல்லிக்கும் ஆசிரியருக்கும் நடுவே வாசகர் விரல் நுழைக்க இடமில்லை. ஒரு பெண்ணின் புலம்பலைக் கதை என்று ஒதுக்கிவைப்பது எளிது. கையெழுத்திட்ட புகாரை அப்படி ஒதுக்க முடியாது. இதற்கு நேரடிச் சான்று இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தலைப்பேகூட 'சாவித்திரி சரித்திரம்' என்றும் 'சாவித்திரியின் கதை' என்றும் இருவகையாகக் குறிக்கப்படுகிறது. சான்று மெலிந்த இடம்தான். இருந்தாலும் 1885க்கும் 1892க்கும் இடையே படித்த குடும்பங்கள் எதைப் பேசிக்கொண்டிருந்தன என்பதை வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் பொருந்தவில்லை.

பெயர் மாறியதும் கவனிக்கத்தக்கது. புராணத்துச் சாவித்திரி கணவனை எமனிடமிருந்து மீட்டவள். அந்தப் பெயரை ஒரு விதவைக் கதைக்கு வைப்பதில் ஒரு குத்தல் உண்டு. பிராமண வாசகருக்கு அதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 'முத்துமீனாட்சி'யில் அந்தக் குத்தல் இல்லை. பாண்டிநாட்டு வீடுகளில் கூப்பிடும் பெயர் அது. பெருங்குளத்தில் பிறந்த மாதவையாவின் செவிக்குப் பழகியது. நூலானபோது புராணம் போய், ஊர் வந்தது.

நின்றுபோன தொடரின் இடத்தை நிரப்பியது எது என்பதும் கதையின் ஒரு பகுதி. 1893இல் அதே இதழில் பி.ஆர். ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' தொடங்கியது. தலைப்பில் பெண், நடுவில் முத்துஸ்வாமி ஐயர், முடிவில் வேதாந்தம். தமிழ் உரைநடையின் சிகரங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் கமலாம்பாளைப் பற்றிச் சொல்லப்படுகிறது. அவள் 'நான்' என்று தொடங்கிச் சொல்வதில்லை.

பெண்பெயர்க் கையொப்பத்தின் பிற்கால வரலாறு வேறு. எஸ். ரங்கராஜன் மனைவியின் பெயரைப் போட்டுச் 'சுஜாதா' ஆனதற்குக் காரணம், குமுதத்தில் ஏற்கெனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்ததுதான். அவர் படைத்த வசந்த்தும் கணேஷும் பேசும்போது எந்த வாசகரும் பெண்குரலைத் தேடவில்லை. 1892இல் வாக்குறுதியாக இருந்த கையொப்பம் 1960களில் வெறும் அடையாளமாகிவிட்டது. அப்படியானால், 'இதைச் சொல்வது யார்?' என்ற கேள்வி எங்கே போயிற்று? கதைக்கு உள்ளே போயிற்று.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை மாலை, பஸ் நிறுத்தம், கார். சீரழிக்கப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். எதிர்ப்பும் மறுப்புக் கதைகளும் கிளம்பின. பின்னர் தினமணி கதிரில் 'காலங்கள் மாறும்' என்று தொடராக வந்து, 1970இல் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்று நூலானதில் அதே இரவு வேறுமாதிரி விடிகிறது. தாய் கனகம் அலறுகிறாள், ஊர் கூடுகிறது, அண்ணன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். பல ஆண்டு கழித்து, உத்தியோகத்தில் இருக்கும் அந்தப் பெண், கங்கா, ஒரு பத்திரிகைக் கதையைப் படிக்கிறாள். எழுதியவர் ஆர்.கே.வி.; தலைப்பு 'அக்கினிப் பிரவேசம்'. அந்தக் கதையில் தாய் தண்ணீர் கொட்டுகிறாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓர் ஆண் எழுதிய கதை ஒரு பெண்ணின் மடியில் கிடக்கிறது. அதில் நடந்தது தனக்கு நடக்கவில்லை என்பதை அவள் மட்டுமே அறிவாள். அந்த அறிவை அவளுக்குக் கொடுத்தவரும் அதே ஆண் எழுத்தாளர்தான், ஆனாலும் தன் பழைய கதையின் கருணைக்கு எதிர்சாட்சியாகவே அவளை நிறுத்துகிறார். முகமூடி உருவகம் இங்கே வேலைக்காகாது. மறைந்திருக்க வேண்டிய முகம் ஆர்.கே.வி. என்ற பெயரோடு மேடைக்கு வந்து கேள்விக்கு உள்ளாகிறது. கங்கா நம்பத்தக்கவளாவது பிராமண வீட்டுப் பேச்சை ஜெயகாந்தன் பிசகாமல் பிடித்ததால் மட்டுமல்ல. அவளைப் பற்றி எழுதப்பட்டதற்கு மறுப்புச் சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது, அதனாலும்தான்.

அம்பையின் பக்கம் நின்று ஒரு மறுப்பும் சொல்லலாம். கதையின் கடைசியில் கங்கா குடிக்கப் பழகி நிலைகுலைகிறாள். மறுத்துப் பேசியவளுக்கு ஆசிரியர் கொடுத்த முடிவு அது. மாதவையாவும் முத்துமீனாட்சிக்கு மறுமணத்தை முடிவாக வைத்தார்; ஒரு நல்லவன் வந்து கைகொடுத்தால்தான் கதை கரையேறுகிறது. பேசும் உரிமையைக் கொடுத்த கை, கடைசி அத்தியாயத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது என்று சொன்னால் இக்கட்டுரையிடம் முழு விடை இல்லை.

மாதவையா விஷயத்தில் ஓர் அரை விடை உண்டு. பாதியில் நின்ற தொடர் மறுமணம் வரை எட்டியிருக்க இடமில்லை. அது சரியானால், 1892இன் வாசகர் படித்தது தீர்வு இல்லாத ஒரு பெண்குரலை. தீர்வு 1903இல்தான் அச்சேறியது. 'விவேக சிந்தாமணி'யின் அந்த இதழ்களை நூலின் பாடத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே இதை உறுதியாகச் சொல்லலாம். அதுவரை சாவித்திரியையும் முத்துமீனாட்சியையும் ஒருத்தி என்று எண்ணாமல், இரண்டு பாடங்கள் என்றே கொள்வது நல்லது.