சும்மாட்டுத் துணியும் தாய்ப்பால் அறையும்



ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். ஒரு பழைய கதை ஞாபகம் வந்தது.

1986. ரேஷன் கார்டில் பெரியவள் பெயரைச் சேர்க்க ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவளுக்கு அப்போது நாலு மாசம். வரிசையில் இரண்டு மணி நேரம். குழந்தை பசியில் வீறிட்டாள். ஒதுங்க இடமில்லை. எனக்குப் பின்னால் நின்ற காசிமேட்டு மீன்கார அம்மா, "இப்படி வாம்மா" என்று மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய், தலைச் சும்மாட்டை அவிழ்த்துத் திரையாகப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்குக் கிடைத்த பாலூட்டும் அறை அதுதான்.

சட்டமே இல்லாத காலமா அது? இல்லை. ஆலைச் சங்கு கேட்டு வளர்ந்த ஊர் நம் தண்டையார்பேட்டை. தொழிற்சாலைப் பெண்களுக்கு 1934-லேயே சென்னை மாகாணத்தில் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. 1948 தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976-ல் அது 30 ஆனது. 1961 சட்டமோ, வேலைக்குத் திரும்பிய தாய் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தினமும் இரண்டு இடைவேளை தந்தது.

கவனியுங்கள், இவை எல்லாம் சம்பளம் வாங்கும் தாய்க்கு. மனு கொடுக்க வந்து வரிசையில் நிற்கும் தாயை எந்தச் சட்டமும் நினைக்கவில்லை. மீன் விற்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் காப்பகம் ஏது, இடைவேளை ஏது?

அந்தக் குறையை முதலில் கொஞ்சம் தீர்த்தது நம் மாநிலம். 2015 ஆகஸ்டில், முதல்வர் ஜெயலலிதா காலத்தில், பேருந்து நிலையங்களில் 350-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பொது இடங்களில் இந்த வசதி வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் நாகரத்னா, வராலே அமர்வு, இருக்கும் பொதுக் கட்டடங்களில் இயன்றவரை இதைச் செய்யவும், புதிதாகக் கட்டுபவற்றில் இடம் ஒதுக்கவும் மாநிலங்கள் கவனிக்க வேண்டும் என்றது.

ஆனால் பிள்ளைகளே, பலகை மாட்டினால் மட்டும் அறை ஆகிவிடாது. சாவி யாரிடம் என்று தெரியாத அறையையும், பழைய நாற்காலி அடுக்கிய அறையையும் நான் பார்த்திருக்கிறேன். உள்தாழ்ப்பாள், மின்விசிறி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, கை கழுவத் தண்ணீர் இருந்தால் போதும்.

உங்களில் எத்தனையோ பேர் இன்று அரசு அலுவலகங்களில் இருக்கிறீர்கள். நாளைக்கு வேலைக்குப் போனதும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அறை இருந்தால் திறந்திருக்கிறதா? இல்லையென்றால் எந்த மூலையைத் தடுத்துத் தரலாம்?

அந்த மீன்கார அம்மாவின் பெயரைக் கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கடனை நீங்கள்தான் எனக்காக அடைக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்