பச்சையப்பர் எழுதிய உயில்

துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார் 1794 மார்ச் 22ஆம் நாள் உயில் எழுதினார். அம்மாதம் 31ஆம் நாள் மறைந்தார். சிதம்பரம் முதலிய திருத்தலங்களின் தருமங்களுக்கு அவர் தம் செல்வத்தை ஒதுக்கியிருந்தார். எழுத்து இருந்தும் பணம் எளிதில் தருமத்தைச் சேரவில்லை. பல்லாண்டு வழக்குக்குப் பின், சென்னை சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டால் மீண்ட பொருளின் உபரியில் 1842இல் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர் பச்சையப்பன் கல்லூரியாயிற்று.

எழுத்தே இல்லாதபோது வழக்காட வழியேது? ஜொகூர் பாருவில் ஒரு பெரியவர், "இந்த நிலம் அம்மனுக்கு" என்று வாயால் மட்டும் சொல்லி மறைந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அது மனைவி, மக்கள், பெற்றோருக்கே உரியது. பிள்ளைகள் மனமிசைந்து கொடுத்தாலன்றி ஆலயத்திற்கு உரிமையில்லை. 1959ஆம் ஆண்டு உயில் சட்டமோ இருவர் சாட்சிக் கையொப்பம் கோருகிறது. சொத்தில் பங்கு பெறுபவரே சாட்சியானால் அவர் பங்கு செல்லாது.