பேட்டரி என்ற சொல்லே இல்லாத பேட்டரிச் சட்டம்

பழைய பேட்டரியை யார் திரும்ப வாங்கணும், யார் உருக்கலாம், மீறினால் என்ன அபராதம்? இதெல்லாம் எந்தச் சட்டத்தில் இருக்கு என்று தேடிப் போனால், 1986 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில் போய் நிற்கிறோம். அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்தேன். மூலச் சட்டத்தில் மொத்தமே 26 பிரிவுகள்தான். பேட்டரி என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

அப்போ விதி எங்கிருந்து வந்தது? 6, 25 ஆம் பிரிவுகள், மத்திய அரசு அரசிதழில் அறிவித்து விதிகள் இயற்றலாம் என்று சொல்கின்றன. நாடாளுமன்றம் தன் பேனாவை அமைச்சகத்தின் கையில் கொடுத்த இடம் அதுதான். இப்படி எழுதப்படுபவற்றைச் சார்நிலைச் சட்டம் என்பார்கள்.

பேனாவைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். எந்த ரசாயனம் நாளைக்கு என்ன செய்யும் என்று எம்.பி.க்கள் உட்கார்ந்து பட்டியல் போட முடியாது. அதனால் கொள்கையை நாடாளுமன்றம் சொல்லும், விவரத்தை அமைச்சகம் நிரப்பும் என்று ஏற்பாடு. இதற்கு எல்லை உண்டா என்ற கேள்வி அதற்கு முன்பே வந்துவிட்டது. 1951இல் டெல்லி சட்டங்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் ஏழு தீர்ப்பு எழுதினார்கள். சாரம் இதுதான்: விவரத்தை ஒப்படைக்கலாம், சட்டத்தின் உயிரான கொள்கையை ஒப்படைக்கக் கூடாது. 1953இல் இந்த விதிகளைக் கண்காணிக்க மக்களவையில் தனிக் குழுவே அமைத்தார்கள்.

பேட்டரிக்கு முதல் விதி 2001 மே மாதம் வந்தது. தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் விற்ற அளவில் முதல் ஆண்டு 50 சதவீதம், இரண்டாம் ஆண்டு 75, மூன்றாம் ஆண்டு முதல் 90 சதவீதம் பழசைத் திரும்பச் சேகரிக்கணும். ஆண்டுக்கு இரண்டு தடவை கணக்குக் கொடுக்கணும். பழசைக் கொடுத்தால் விலையில் தள்ளுபடி தருவதும் வியாபாரியின் கடமை. கடைக்காரர் பழைய பேட்டரிக்கு விலை குறைக்கிறாரே, அது அவருடைய தயவு என்றுதான் எங்க குத்துக்கல்வலசைப் பக்கம் இன்னைக்கும் நினைக்கிறாங்க. அது விதியிலேயே எழுதியிருந்தது.

ஒப்படைப்பை ஆதரிப்பவர்கள் சொல்லும் பெரிய காரணம் வேகம். சட்டத்தைத் திருத்த இரு அவைகள் வேணும், விதியைத் திருத்த ஒரு அறிவிக்கை போதும். பேட்டரி விஷயத்தில் நடந்தது வேறு. 2001 விதியில் பேட்டரி என்றால் ஈய-அமில பேட்டரி மட்டும்தான். லித்தியம் அயான் பேட்டரி 1991லேயே சந்தைக்கு வந்தாச்சு. செல்போன் வந்தது, லேப்டாப் வந்தது, மின் ஸ்கூட்டர் வந்தது. விதி அசையவில்லை. எல்லா வகை பேட்டரியையும் உள்ளே கொண்டுவந்த புதிய விதி 2022 ஆகஸ்டில்தான் வந்தது. இடையில் 21 வருஷம்! ஒரு அறிவிக்கைக்கு.

இந்த இடைவெளி சும்மா காகித விஷயம் இல்லை. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். செனகல் நாட்டில் தியாரோய் என்ற ஊரில், வீட்டுப் பக்கத்தில் பழைய பேட்டரியை உடைத்து உருக்கியதால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தை நினைச்சுப் பாருங்க. தென்காசி வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். ஒவ்வொன்றின் அடியிலும் ஈயமும் கந்தக அமிலமும். அதன் ஆயுசு முடிந்ததும் முறையான ஆலைக்குப் போகுதா, எங்கேயோ ஒரு தோட்டத்துக்குள் உடைபடுதா என்பதை அந்த விதிதான் தீர்மானிக்கணும்.

2022 விதியில் அதிகாரம் இன்னும் ஒரு படி இறங்கியது. சுற்றுச்சூழல் இழப்பீட்டை எப்படிக் கணக்கிடுவது என்பதற்கு வழிகாட்டுதல் எழுதும் வேலை மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் போனது. 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம், மீறலுக்கு நேரடியாக இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றாக்கியது. அதை விதிப்பவர் நீதிபதி இல்லை, அதிகாரி.

சரி, நாடாளுமன்றத்துக்குப் பிடி இல்லையா? இருக்கு. 26 ஆம் பிரிவுப்படி விதியை இரு அவைகளிலும் 30 நாள் வைக்கணும். இரு அவைகளும் சேர்ந்து வேண்டாம் என்றால்தான் செல்லாது. யாரும் பேசாவிட்டால் விதி அப்படியே நிற்கும்.

பொதுமக்களுக்கு உள்ள வாசல் வரைவு மட்டும்தான். புதிய பேட்டரி விதியின் வரைவு 2020 பிப்ரவரியில் வந்தது. கருத்துச் சொல்ல 60 நாள். அதற்குள் மார்ச் 25இல் ஊரடங்கு. அரசிதழ் வருவதோ இந்தியிலும் ஆங்கிலத்திலும். இதே 1986 சட்டத்தின் கீழ் அதே ஆண்டு வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை எட்டாவது அட்டவணை மொழிகளில் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் 2020 ஜூன் 30இல் உத்தரவிட்டது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஐரோப்பிய ஒன்றியமும் அதிகாரத்தை ஒப்படைக்கிறது. ஆனால் அவர்களுடைய 2023 பேட்டரிச் சட்டத்தில், எந்தெந்த விஷயத்தில் ஆணையம் விதி எழுதலாம் என்று எண்ணிக் கொடுத்திருக்கு. காலமும் ஐந்து வருஷம், நாடாளுமன்றம் மறுத்தால் ஒழிய அது நீளும். எப்போது வேணும்னாலும் திரும்பப் பெறலாம்.

அதிகாரத்தை ஒப்படைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஈயத்தின் அளவை மக்களவையில் கை தூக்கித் தீர்மானிக்க முடியாது. ஆனால் கொடுத்தவர் கணக்குக் கேட்கணும். டெல்லியிலிருந்து அமைச்சகம், வாரியம், அதிகாரி என்று அதிகாரம் படிப்படியாக இறங்குது. ஊராட்சி அலுவலகப் பலகை வரை வந்து சேர்வதில்லை. அடுத்த வரைவாவது தமிழில், அந்தப் பலகையில் ஒட்டப்படணும். கருத்துச் சொல்ல 60 நாள் கொடுத்தால், அந்த 60 நாளும் நமக்குப் புரியுற மொழியில் இருக்கணும்.