தப்பும் இசைத்தட்டும்

மேல்நாட்டு ராக் இசையில் பரிசோதனை வேகம் பிறந்தது 1960களின் பிற்பகுதியில். மூன்று நிமிஷப் பாட்டு என்னும் கடைச்சரக்கை உதறிவிட்டு, இசைத்தட்டு முழுவதையும் ஒரே சிருஷ்டியாக்க முனைந்தனர் பிரிட்டிஷ் இளைஞர் சிலர். ஜெத்ரோ டல் குழுவினர் 1972இல் வெளியிட்ட ‘திக் ஆஸ் எ பிரிக்’ தட்டில் இருப்பது ஒரே பாட்டு. நாற்பது நிமிஷத்துக்கு மேல் நீள்வது. எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டால்தான் மறுபாதி கேட்கும். தாளம் மாறுகிறது, முன்னர் வந்த மெட்டு வேறு கோலத்தில் திரும்புகிறது. இத்தகைய இசைக்குப் பொறுமையுள்ள செவி வேண்டும் என்பர் ரசிகர். மெய்தான்.

அதே செவியோடு மாசி மாதத்தில் ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களுக்குச் செல்வோமாயின் அங்கே நடப்பது காமன் கூத்து. அமாவாசை கழிந்து காமன் நட்டது முதல், பௌர்ணமியை ஒட்டிக் காமன் எரியும் வரை, ஒரே கதை இரவிரவாக வளர்கிறது. ரதி மன்மதன் திருமணம், சிவன் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுதல், ரதி மறித்தல், நெற்றிக்கண், ஒப்பாரி, மூன்றாம் நாள் உயிர்த்தெழல். பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்த ஆண்மக்களே இரவில் ரதியும் மன்மதனும். கதை திரும்புமிடமெல்லாம் தப்பின் அடியும் திரும்புகிறது. கல்யாண அடி எது, சாவு அடி எது என்று லயத்துச் சிறு பிள்ளையும் சொல்லும்.

இதை நம் படித்த கூட்டம் இசையென்று எண்ணியதுண்டா? தாழ்த்தப்பட்டோர் கருவியென்று தப்பை ஒதுக்கியது சாதி. தோட்ட நிர்வாகமோ அதே தப்பை விடியுமுன் அடிக்கச் செய்து, ஆட்களைப் பிரட்டுக்களத்துக்குத் திரட்டியது. துரைக்காக விடியலில் அதிர்ந்த தோல்தான் மன்மதனுக்காக நள்ளிரவிலும் அதிர்ந்தது. 1976இல் சக்தி குழுவின் முதல் தட்டு வந்தபோது, கர்நாடக வயலினும் கடமும் ராக் ரசிகரின் செவிக்கு எட்டின. வயலின் வாசித்த எல். சங்கர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்பதில் நமக்கும் பெருமைதான். ஆயினும் ஏறியவை சபாக் கருவிகள். தப்பு அங்கும் வாசலிலேயே நின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதையில் அப்பறையொலி கேட்கிறது. 1947இல் தலவாக்கொல்லைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான அவர், மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தம் மக்களை நாடற்றவராக்கியதைக் கண்டவர். அவர்தம் பாடல்களையும் தேடித் திரட்டினார். அவர் மறைந்தபின், 1987இல், ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலாயிற்று. சொல் ஏட்டில் ஏறிவிட்டது; அடி ஏறுமோ?

கூத்தைப் பத்து நிமிஷமாகக் கத்தரித்து விழா மேடையில் வைப்பது எளிது. நாம் கேட்பது வேறு. காமன் நட்ட நாள் முதல் உயிர்த்தெழும் நாள் வரை, ஓர் இரவும் விடாமல், தப்படிப்போர் பெயரோடு, அது ஒலிப்பதிவாக வேண்டும்.